செவிவழி வந்த திரை

கண்ணமங்கலத்தில் என் பெரியப்பா மகன் தம் வீட்டின் மாடியில் ஓர் அறை கட்டினார். 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். கிழக்கே ஒரு சன்னல். அதைத் திறந்தால் ஆரணிச் சாலையும், எதிர்ச் சுவரின் சன்னலைத் திறந்தால் ஜவ்வாது மலையின் விளிம்பும் தெரியும். இரண்டையும் நிரந்தரமாக மூடிவிட்டு அந்த அறையைத் திரையரங்காக மாற்றுவது அண்ணனின் திட்டம். என்னென்ன வாங்குவது என்று அவர் எழுதி வைத்திருந்த பட்டியலை என்னிடம் காட்டினார். ஒளிப்படக் கருவிக்கும் திரைக்கும் பாதிக்குமேல் பணம் ஒதுக்கியிருந்தார். மிச்சத்தில் ஒலிபெருக்கிகள், இருக்கைகள், மின்சார வேலை.

பெரியப்பாவுக்கு எண்பது கடந்துவிட்டது. கண் நீர் அழுத்த நோயில் இரண்டு கண்களின் பார்வையும் போய்ச் சில ஆண்டுகளாகின்றன. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைத் திண்ணையிலிருந்து கேட்டவர், "படம் உங்களுக்கு இருக்கட்டும்பா. எனக்கு வசனம் காதுல விழுந்தா போதும்" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பட்டியலைத் திரும்பப் பார்த்தபோது அதில் அவருக்கென்று ஒரு வரிகூட இல்லை என்பது எங்கள் இருவருக்கும் உறைத்தது.

அன்றிலிருந்து என்னைத் தொந்தரவு செய்த கேள்வி இது: சினிமா தமிழனின் வீட்டுக்குள் எப்போது வந்தது? தொலைக்காட்சியோடு என்பதுதான் வழக்கமான பதில். அது தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. படம் வீட்டுக்குள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சினிமா வந்துவிட்டது. அது வந்த வழி காது.

*

தமிழ்நாட்டில் சலனப்படத்தின் கதையைச் சாமிக்கண்ணு வின்சென்டிலிருந்து தொடங்குவது மரபு. திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த அவர் 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு ஒளிப்படக் கருவியையும் சில படச்சுருள்களையும் வாங்கினார். அவற்றில் ஏசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படமும் ஒன்று. வேலையை விட்டுவிட்டு, கூடாரமும் கருவியுமாக ஊர் ஊராகப் போனார். வடமேற்கே லாகூர், பெஷாவர்வரை அவர் பயணம் நீண்டது. 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். இவையெல்லாம் வாசகர்கள் அறிந்தவையே. நான் கவனிக்க விரும்புவது ஒரு பெயரை. அந்நாட்களில் மதராஸ் எஸ்பிளனேடில் நடந்த கூடாரக் காட்சி ஒன்று வின்சென்டோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அதன் பெயர் 'எடிசன்ஸ் கிராண்ட் சினிமாமெகாபோன்'. சினிமா என்ற சொல்லை ஒட்டியே மெகாபோன். படத்தோடு கிராமபோன் குழலையும் சேர்த்துக் காட்டிய காலம் அது. பேசாத படம் என்று நாம் இன்று பெயரிட்டு அழைப்பது எந்தக் கொட்டகையிலும் ஊமையாக ஓடியதில்லை. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். எழுத்துப் பலகை வரும்போது வாசித்துக் காட்டுவார். சண்டை வந்தால் மேளம் முழங்கும். தெருக்கூத்தின் கட்டியங்காரனைப் பார்த்துப் பழகிய வடாற்காட்டு மக்களுக்கு அதில் அந்நியமாக ஒன்றுமில்லை.

1931 அக்டோபர் 31ஆம் தேதி வெளியான 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும்படமாகக் கொள்ளப்படுகிறது. ஹெச். எம். ரெட்டி இயக்கம், டி. பி. ராஜலட்சுமி நாயகி. அதில் தமிழும் தெலுங்கும் கலந்தே பேசினார்கள். இன்றைய கண்ணுக்கு அது வேடிக்கை. ஆனால் அன்று கூடிய கூட்டம் மொழி ஒருமையைத் தேடி வரவில்லை. திரையிலிருந்து மனிதக் குரல் வருவதைக் கேட்க வந்தது. பாட்டு வந்தால் போதும் என்றிருந்தார்கள்.

அந்தப் படம் வெளியாகி ஆறு வாரங்கள் கழித்து, 1931 டிசம்பர் 14ஆம் தேதி, லண்டனில் ஆலன் புளும்லைன் என்ற பொறியாளர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று நாம் ஸ்டீரியோ என்று அழைப்பதன் அடிப்படை அந்த ஆவணத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு வீட்டுக் கதையும் உண்டு. பின்னாளில் மனைவியானவரோடு திரையரங்குக்குப் போயிருந்தபோது, நடிகர் திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து போகிறார். குரல் மட்டும் நடுவிலிருந்த ஒற்றை ஒலிபெருக்கியிலேயே நின்றுவிடுகிறது. அது அவரை உறுத்தியதாம். குரலும் நடக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1942இல், போர்க்காலத்தில், ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து நாற்பது வயதுக்குள் இறந்துபோனார். தமிழ் சினிமாவில் ஸ்டீரியோ முறையில் பதிவான பாடல்கள் 'பிரியா' படத்தில் வந்தது 1978. புளும்லைனின் காகிதத்துக்கும் நமக்கும் இடையில் நாற்பத்தேழு ஆண்டுகள். அந்த இடைவெளியில் நாம் ஒற்றைக் குழலிலேயே கேட்டோம். குறையாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஏன் என்பதற்கு வருகிறேன்.

*

பேசும்படம் பரவுவதற்கு முன்பே கிராமபோன் இங்கே வேரூன்றியிருந்தது. ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல் பதியலாம். அந்த மூன்று நிமிடத்துக்குள் பாட்டை அடக்கலாம். கதையை அடக்க முடியுமா? முடியும் என்று நம் ஆட்கள் கண்டார்கள். கோவலன் கதை, நல்லதங்காள் கதை போன்ற நாடகங்களைப் பல தட்டுகளாகப் பிரித்துப் பதிந்து 'நாடக செட்' என்று விற்றார்கள். தட்டு முடிய முடிய மாற்றிப் போட வேண்டும். சாவி கொடுக்க வேண்டும். ஊசி தேய்ந்தால் மாற்ற வேண்டும். வசதியுள்ளவர் ஒருவர் வாங்கினால் தெருவே அவர் திண்ணையில் உட்காரும்.

ஏவி. மெய்யப்பன் படத்தொழிலுக்கு வந்தது இந்த வழியில்தான். காரைக்குடியில் கிராமபோன் தட்டுகள் விற்ற கடையிலிருந்து புறப்பட்டவர் அவர். கூட்டாளிகளோடு மதராஸில் சரஸ்வதி ஸ்டோர்ஸை நிறுவி, ஓடியன் தட்டுகளை வெளியிட்டு, அதன் பிறகு 1935இல் 'அல்லி அர்ஜுனா' எடுத்தார். அந்தப் படம் வெற்றி பெறவில்லை. ஆனாலும் வரிசையைப் பாருங்கள்: முதலில் ஒலித்தட்டு, பிறகு படம். அவருடைய 1938ஆம் ஆண்டின் 'நந்தகுமார்' தமிழில் பின்னணிப் பாடல் முறையைத் தொடங்கி வைத்த படமாகச் சொல்லப்படுகிறது. ஒருவர் உடல், இன்னொருவர் குரல். குரலை உடலிலிருந்து பிரித்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது தட்டு விற்றவருக்குத் தெரியாமல் இருக்குமா?

வானொலி இதற்கு இணையாக வளர்ந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924இல் தொடங்கிய மதராஸ் மாகாண வானொலிக் கழகம் மூன்றே ஆண்டுகளில் பணமின்றி மூடப்பட்டது. அதன் கருவிகளைக் கொண்டு மதராஸ் மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது; கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்தார்கள். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் மதராஸ் நிலையம் வந்தது. பஞ்சாயத்து வானொலிப் பெட்டி மலையடிவாரக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு.

*

இனிப் பெரியப்பா சொன்னதைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரைக்கு அதுவே காரணம்.

அவர் சிறுவனாக இருந்தபோது, அறுவடை முடிந்த புன்செயில் டூரிங் கொட்டகை வந்து இறங்கும். தற்காலிக உரிமம், கீற்றுக் கூரை அல்லது கித்தான், மணல் தரை. ஒரே ஒரு ஒளிப்படக் கருவிதான் இருக்கும் என்பதால் சுருள் மாற்றுவதற்காக மூன்று நான்கு இடைவேளைகள். மாலையில் கூம்பு ஒலிபெருக்கியைக் கம்பத்தில் கட்டிப் பக்திப் பாடல் போட்டால் காட்சி தொடங்கப் போகிறது என்று சுற்று வட்டாரத்துக்கெல்லாம் தெரியும். சிலர் மாட்டு வண்டி கட்டுவார்கள். வீட்டுப் பெண்கள் பெரும்பாலோர் போக மாட்டார்கள். காசு இல்லாதவர்களும் போக மாட்டார்கள். ஆனால் போகாதவர்களும் படம் 'பார்த்தார்கள்'.

"ரெண்டாவது ஆட்டம் முழுசும் எங்க வீட்டுத் திண்ணைக்கே வரும். அம்மா நெல்லு புடைச்சுக்கிட்டே கேப்பாங்க. நானு கயித்துக் கட்டில்ல படுத்துக் கேப்பேன். 'பராசக்தி' கோர்ட்டு சீனை நான் மூணு வருசம் கழிச்சுத்தான் கண்ணால பாத்தேன். எல்லாம் நான் நெனச்ச மாதிரிதான் இருந்துச்சு, ஜட்ஜு மட்டும் ஒல்லி."

முதல் ஆட்டம் அவ்வளவு தெளிவாகக் கேட்காது என்றும், இரவு ஏற ஏறக் கேட்கும் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். ஊர் அடங்கிவிடுவதால் என்று அவர் நினைத்திருந்தார். அது பாதிக் காரணம். மீதி இயற்பியல். பகலில் தரை சூடாக இருக்கிறது. தரையை ஒட்டிய காற்றும் சூடு. மேலே போகப் போகக் குளிர்ச்சி. வெப்பமான காற்றில் ஒலி விரைவாகச் செல்லும். ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். எனவே பகலில் ஒலியலை மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடுகிறது. தெளிந்த வானமுள்ள இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கீழே, சற்றே வெம்மையான காற்று மேலே என்று அடுக்கு தலைகீழாகிறது. இப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து மீண்டும் தரைக்கே வருகிறது. மலையடிவாரத்தில் இது இன்னும் வலுவாக நடக்கும். சரிவுகளிலிருந்து இறங்கும் குளிர்க்காற்று பள்ளத்தில் தேங்குவதால். இரண்டாவது ஆட்டத்தின் வசனம் மைல் கடந்து ஒரு திண்ணையில் வந்து விழுந்ததில் ஜவ்வாது மலைக்கும் பங்குண்டு.

எந்த நிறுவனமும் விற்காத, எவரும் திட்டமிடாத வீட்டுச் சினிமா இது. கேட்பவரின் மனத்திலேயே திரை. ஆனால் இதற்குத் தோதான படங்களும் இருந்தன. கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தோடு 1952இல் வந்த 'பராசக்தி'யின் மையம் அதன் பேச்சு. கண்ணை மூடிக்கொண்டாலும் கதை குறையாத படம் அது. அக்காலத் தமிழ்ப் படங்கள் காட்சி மொழியில் பின்தங்கியவை, நாடகத்தைப் படம் பிடித்தவை என்று விமர்சகர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். உண்மைதான். ஆயினும் அந்தக் குற்றச்சாட்டை வைத்தவர்கள் கொட்டகைக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள். வெளியே இருந்த பெரும் கூட்டத்தைக் கணக்கில் எடுத்தால், பேச்சு மிகுந்த சினிமா வேறு ஒரு தேவையையும் நிறைவேற்றியது தெரியும்.

வறுமையை அழகாக்கிக் காட்டுகிறேன் என்று இதற்கு ஒரு மறுப்பு எழலாம். டிக்கெட் வாங்க முடிந்திருந்தால் அந்தத் தாய் உள்ளே போய்ப் பார்த்திருப்பாள். ஒப்புக்கொள்கிறேன். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் விரும்பி வெளியே நிற்கவில்லை. ஆனால் நிறுத்தப்பட்ட இடத்தில் அவர்கள் ஒரு திறமையை வளர்த்துக்கொண்டார்கள். அதைத் தலைமுறைகளுக்குக் கடத்தினார்கள். அடுத்து வந்தவை அதற்குச் சான்று.

*

டிரான்சிஸ்டர் மலிவான பிறகு விவித பாரதியில் ஞாயிறு பிற்பகல் ஒலிச்சித்திரம் வந்தது. இரண்டரை மணி நேரப் படத்தின் ஒலியைச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். அதற்கு வாய்த்த பெயரை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. படம் என்று சொல்ல முடியாததைச் சித்திரம் என்று சொல்லி, அந்தச் சித்திரம் ஒலியால் ஆனது என்றும் சொல்லிவிட்டார்கள். சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவும் ஓசை அடங்கி, வீடு முழுவதும் பாயில் சரிந்திருக்கும் நேரம் அது. கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி வந்தது. கே. எஸ். ராஜாவின் 'திரைவிருந்து'ம் பி. எச். அப்துல் ஹமீதின் குரலும் தமிழ்நாட்டின் பல வீடுகளில் உறவினர்கள் போலிருந்தன. திரைப்படத்தைக் குரலாலேயே விளம்பரம் செய்ய முடியும் என்பதை ராஜா காட்டினார்.

பிறகு ஒலிநாடா. 'திருவிளையாடல்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கதை வசனங்கள் எந்தத் திருவிழாவிலும் ஒலித்தன. உச்சம் என்று 1984ஆம் ஆண்டின் 'விதி'யைச் சொல்ல வேண்டும். கே. விஜயன் இயக்கிய, ஆரூர்தாஸ் வசனம் எழுதிய அந்தப் படத்தின் வசன ஒலிநாடா தேநீர்க் கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் கூம்புக் குழாய்களில் திரும்பத் திரும்பப் போடப்பட்டது. கல்யாண வீட்டில் ஏமாற்றப்பட்ட பெண்ணின் நீதிமன்ற வழக்கை ஒலிக்க விடுவதில் உள்ள பொருத்தமின்மை எவருக்கும் உறுத்தியதாக நினைவில்லை. படத்தைப் பாராமலே முழு வழக்கையும் மனப்பாடமாகச் சொல்லும் சிறுவர்கள் இருந்தார்கள்.

கண்ணுக்கான வீட்டுச் சினிமாவை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடலாம். அது எல்லோருக்கும் தெரிந்தது. 1975 ஆகஸ்ட் 15இல் மதராஸ் தொலைக்காட்சி நிலையம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணம். எண்பதுகளில் தொலைக்காட்சியும் 'டெக்'கும் ஓர் இரவுக்கு வாடகை. விடிவதற்குள் மூன்று நான்கு படம். பங்கு போட்டுக் காசு. 1993இல் சன் தொலைக்காட்சி. 2006இல் தொடங்கி அரசு விலையில்லாமல் வழங்கிய ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள். படம் எல்லா வீட்டுக்கும் வந்தது. வந்த வேகத்தில் ஒலி சுருங்கியது. 14 அங்குலப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையளவு ஒலிபெருக்கி. திண்ணையில் கேட்ட சிவாஜியைவிடப் பெட்டியில் கண்ட சிவாஜி சிறுத்துப்போனார் என்பது பெரியப்பாவின் தீர்ப்பு.

*

அதே காலத்தில் திரையரங்கின் ஒலி எதிர்த் திசையில் விரிந்தது. 1986இல் 'மாவீரன்' 70 மில்லிமீட்டரில் வந்தது. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில். சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் டிடிஎஸ் முறையைக் கொண்டுவர, 1996இல் 'கறுப்பு ரோஜா' அந்த எண்ம ஒலியோடு வெளியானது. படத்தை மறந்தவர்களும் அரங்கில் பின்னாலிருந்து கதவு கிறீச்சிட்டதை மறக்கவில்லை. 2008இல் மறைந்த ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதரைப் போன்றவர்கள் இந்த மாற்றத்தைக் கையால் செய்தவர்கள். நான்கு தேசிய விருதுகள் பெற்றும் பெயர் பலருக்குத் தெரியாது. 2012 ஜூனில் அமெரிக்காவில் 'பிரேவ்' படத்தோடு டால்பி அட்மாஸ் அறிமுகமாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 12இல் 'சிவாஜி' முப்பரிமாணமாகவும் அட்மாஸிலும் மறுபடி வந்தது. அதற்கு அடுத்த மாதம், 2013 ஜனவரியில், கமல்ஹாசன் 'விஸ்வரூப'த்தை அரங்குகளுக்கு முன்பே டிடிஎச் வழியாக வீடுகளில் காட்டத் திட்டமிட்டிருந்தார். திரையரங்க உரிமையாளர்களின் எதிர்ப்பில் அத்திட்டம் தள்ளிப்போடப்பட்டது. 2020இல் பெருந்தொற்று அரங்குகளை மூட, 'பொன்மகள் வந்தாள்', 'சூரரைப் போற்று' ஆகியவை நேராக வீட்டுக்கே வந்தன. ஏழாண்டுக்கு முன் பெரும் போராட்டமாக இருந்தது முனகல்களோடு முடிந்தது.

அட்மாஸ் என்ன செய்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். அண்ணனின் பட்டியல் அதைச் சுற்றியே இருந்தது. முந்தைய முறைகளில் ஒலிகலவையாளர் ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் தனித்தனியே ஒலியை அனுப்பினார்: இது இடம், இது வலம், இது பின். அட்மாஸில் அவர் ஒலியை ஒரு பொருளாகக் கருதுகிறார். ஒரு பறவை, அது அறையில் எங்கே இருக்கிறது, எந்த உயரத்தில், எந்தப் பக்கம் நகர்கிறது என்ற குறிப்பு அந்த ஒலியோடு சேர்ந்தே பயணம் செய்யும். அரங்கில் 128 தடங்கள் வரை, 64 ஒலிபெருக்கித் தொகுதிகள் வரை கையாளலாம். உங்கள் அறையில் எத்தனை ஒலிபெருக்கி, எங்கே என்று கருவிக்குச் சொல்லிவிட்டால், அந்தப் பறவையை அந்த அறைக்கேற்பக் கருவி கணக்கிட்டு வைக்கும். 2014இல் இது வீட்டுக் கருவிகளுக்கு வந்தது. வீட்டில் தடங்களைச் சில தொகுதிகளாகச் சுருக்கியே அனுப்புகிறார்கள். இணையவழி வருவது வட்டில் வருவதைவிட இன்னும் நெருக்கிச் சுருக்கியது. இருந்தாலும் கருத்து அதுவே. புளும்லைன் கேட்டதும் அதுதான், குரல் நடக்க வேண்டும் என்று. இப்போது பறக்கவும் செய்கிறது.

ஆனால் கருவி வாங்கிவிட்டால் போதாது. அறை இருக்கிறதே, அது எதிரி. 1895இல், பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் முதல் காட்சி நடத்திய அதே ஆண்டில், ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் ஒரு வேலை வந்தது. ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு புரியவே இல்லை, சரிசெய்ய வேண்டும். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து, ஒவ்வொன்றாக வைத்து, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். விடிவதற்குள் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். கட்டட ஒலியியல் என்ற துறை அந்த மெத்தைகளில் பிறந்தது. மென்மையானவை ஒலியை உண்ணும். கடினமானவை திருப்பி எறியும்.

இதை வைத்து டூரிங் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். மணல் தரை, கீற்று, கித்தான், நெருக்கியடித்து உட்கார்ந்த மனிதர்கள். எதிரொலிக்க ஒரு சுவர்கூடக் கிடையாது. கரகரத்த ஒற்றைக் குழலில் வசனம் சொல்சொல்லாகப் புரிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். நம் மாடியறை இதற்கு நேர்மாறு. சிமெண்டு பூச்சு, கான்கிரீட் கூரை, தரையில் வழுவழுப்பான ஓடு. கைதட்டினால் சுவர்களுக்கிடையே அது படபடக்கும். தாழ்ந்த ஒலிகளுக்கு வேறு தொல்லை: 16 அடி நீளத்துக்கு 35 ஹெர்ட்சிலும், 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்சிலும், 10 அடி உயரத்துக்கு 56 ஹெர்ட்சிலும் அறை தானே முனக ஆரம்பிக்கும். ஓரிடத்தில் உட்கார்ந்தால் இடி காதை அடைக்கும். மூன்றடி தள்ளி உட்கார்ந்தால் அதே இடி காணாமல் போகும். இவ்வளவுக்கும் நடுவில் மின்விசிறி. மேலே நான்கு ஒலிபெருக்கிகள் மழையைப் பொழிய, நட்டநடுவில் அது கடகடத்துக்கொண்டிருக்கும்.

அண்ணனும் நானும் பட்டியலைத் திருப்பி எழுதினோம். ஒளிப்படக் கருவியில் ஒரு படி இறங்கினோம். இருட்டுக்குச் செலவு குறைவு. சன்னல் மூடினால் கிடைத்துவிடும். (இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 1960களின் இறுதியில் வான் ஆய்வகம் அமைந்ததற்கு இங்குள்ள இருட்டும் ஒரு காரணம்; 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. இருட்டு எங்கள் பக்கத்துச் சொத்து.) மிச்சப்பட்ட பணத்தில் மூலைகளுக்குக் கண்ணாடி இழைப் பலகைகள் துணி போர்த்திச் செய்தோம். தரைக்குக் கனத்த சமுக்காளம். பின் சுவரில் இலவம்பஞ்சு மெத்தையைச் சட்டமிட்டுத் தொங்கவிட்டோம். சபைன் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். தலைக்கு மேல் நான்கு, சுற்றிலும் ஐந்து, தாழ்ஒலிக்கு ஒன்று. அந்த ஐந்தில் நடு ஒலிபெருக்கியை மட்டும் மற்றவற்றைவிட ஒரு தரம் உயர்த்தி வாங்கினோம். வசனம் அதில்தான் வருகிறது. முதிய காதில் முதலில் தேய்வது உயர்ந்த அதிர்வெண்கள். உயிரெழுத்து கேட்கும், வல்லினம் நழுவும். இன்றைய தமிழ்ப் படங்களில் பின்னணி இசையை வசனத்தின்மேல் ஏற்றிவிடும் பழக்கம் வேறு. பெரியப்பாவுக்கு 'தந்தான்' என்பதும் 'கண்டான்' என்பதும் ஒன்றாகக் கேட்டால் அறை எதற்கு?

கண்ணில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கருவி வாங்கினால் இந்தச் சுவர்ச் சண்டையெல்லாம் வேண்டாமே என்று வீட்டு இளைஞன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. 2016இல் அவை சந்தைக்கு வந்தன, 2024இல் ஆப்பிளும் ஒன்றை வெளியிட்டது. கண்முன் எவ்வளவு பெரிய திரையும் விரியும். ஆனால் 1894இல் எடிசன் நியூயார்க்கில் காட்டிய கினெடஸ்கோப்பும் ஒருவர் மட்டும் குனிந்து பார்க்கும் பெட்டியே. ஒன்றாக உட்கார்ந்து பார்க்க லூமியேர்கள் வழி செய்ததும் உலகம் அந்தப் பெட்டியை விட்டுவிட்டது. இது வேறு விதமாகவும் முடியலாம். எனக்கு அதில் ஆர்வமில்லை. பெரியப்பாவுக்கு அதில் இடமும் இல்லை.

அறை முடிந்த அன்று புதுப் படம் ஒன்றைப் போட்டோம். பெரியப்பாவை நடு இருக்கையில் உட்கார வைத்தோம். அரைமணி நேரம் அசையாமல் இருந்தார். படத்தில் மழை பிடித்தது. மேலிருந்த நான்கும் பொழிய ஆரம்பித்தன. அவர் திடுக்கிட்டு அண்ணன் பக்கம் திரும்பி, "மொட்டை மாடியில மல்லாட்டை காயுதே, எடுத்தீங்களா?" என்றார். நாங்கள் சிரித்தபோது அவருக்கு முதலில் கோபம். பிறகு தலையை அண்ணாந்து, வெகுநேரம் அந்த மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் 'திருவிளையாடல்' போடச் சொன்னார். 1965ஆம் ஆண்டின் ஒற்றை ஒலித்தடம். சுற்றிலும் இருந்தவையும் மேலே இருந்தவையுமாக எட்டு ஒலிபெருக்கிகள் வாய் திறக்கவில்லை. நடுவிலிருந்தது மட்டும் பேசியது. அண்ணன் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்து, அதைச் செயற்கையாகச் சுற்றிலும் பரப்பும் அமைப்புக்கு மாற்றினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "முன்ன மாதிரியே வைப்பா" என்றார் பெரியப்பா. "எதிர்ல இருந்துதான் வரணும்."